கடைமடைக்கும் தண்ணீர் வர வேண்டும்: நெல்லைச் சீமையில் பேட்டரி செய்பவருக்கு மூலப்பொருள் வழிகாட்டி

பொதிகையில் எவ்வளவு மழை பெய்தது என்று கடைமடை விவசாயி கேட்பதில்லை. எந்த அணைக்கட்டில் எந்த மடை திறந்திருக்கிறது என்றுதான் கேட்பார். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன, எட்டாவது ஸ்ரீவைகுண்டம். மற்ற ஏழையும் தாண்டி வருவதுதான் அவர் வயலுக்குரிய தண்ணீர்.

கங்கைகொண்டானில் லித்தியம் செல் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றின் கொள்முதலை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "உலகத்தில் லித்தியம் போதுமான அளவு இருக்கிறதா?" என்பதுதான். இருக்கிறது. ஆனால் அது மலையில் பெய்த மழையைப் பற்றிய கேள்வி. நமக்கும் சுரங்கத்துக்கும் நடுவில் எத்தனை மடைகள், அவற்றின் பலகை யார் கையில் என்பதுதான் நாம் கேட்க வேண்டியது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் ஆண்டுக்கு 100 மெகாவாட் மணி அளவுக்குள் செல் செய்ய நினைக்கும் சிறு நிறுவனங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: எந்த வேதியியல் என்று முடிவு செய்யுங்கள்

செல்லின் வேதியியலைத் தேர்ந்தெடுப்பதைப் பொறியாளர்கள் தங்கள் வேலையாக மட்டும் நினைக்கிறார்கள். நிறுவனத்தின் மிகப் பெரிய கொள்முதல் முடிவும் அதுதான். முடிவெடுக்கும் கூட்டத்தில் கொள்முதல் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்.எம்.சி. வகையை எடுத்தால் காங்கோவின் அரசியலையும் சேர்த்து வாங்குகிறீர்கள். உலகச் சுரங்க கோபால்ட்டில் 70 சதவீதத்துக்கு மேல் அங்கிருந்து வருகிறது. 2025 பிப்ரவரியில் அந்த நாடு கோபால்ட் ஏற்றுமதியை ஒரேயடியாக நிறுத்தியது. பிறகு நாட்டிற்குள்ளேயே அளவு வகுத்து, பங்கு பிரித்துத்தான் வெளியே விட்டது. நிக்கலின் கதை வேறு. 2022 மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் டன் விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டியதும் வர்த்தகத்தையே நிறுத்திவைத்தார்கள். சிறு நிறுவனத்தால் இந்த அலைகளைத் தாங்க முடியாது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதாவது எல்.எஃப்.பி. எடுத்தால் இந்த இரண்டு தலைவலியும் இல்லை. ஆட்டோ, சோலார் சேமிப்பு, இன்வெர்ட்டர் ஆகியவற்றுக்கு அது போதும். நாங்கள் எல்.எஃப்.பி. செய்கிறோம், இனி வரும் கணக்குகளும் அதை வைத்துத்தான். சோடியம் அயனி பற்றிப் பின்னால் சொல்கிறேன். நம் மண்ணுக்கு அதில் தனி உரிமை இருக்கிறது.

இரண்டாம் படி: கணக்கைக் கிலோவில் எழுதுங்கள்

ஒரு கிலோவாட் மணி என்பது நாம் மின்கட்டண அட்டையில் பார்க்கும் ஒரு யூனிட்தான். ஒரு யூனிட் சேமிக்கும் எல்.எஃப்.பி. செல்களுக்குக் கேத்தோடு (நேர்முனை) தூள் சுமார் 2.2 கிலோ, ஆனோடுக்கு (எதிர்முனை) கிராஃபைட் சுமார் 1.1 கிலோ, இரண்டுக்கும் நடுவில் அயனிகளைக் கடத்தும் திரவமான எலக்ட்ரோலைட் சுமார் 1.3 கிலோ தேவைப்படும். தாமிரத் தாள், அலுமினியத் தாள், இரு முனைகளையும் பிரிக்கும் மெல்லிய படலமான செப்பரேட்டர், தூளை ஒட்டவைக்கும் பைண்டர், உறை எல்லாம் தனி. உங்கள் செல் வடிவத்துக்கு ஏற்ப எண்கள் சிறிது மாறும். உங்கள் பொறியாளரிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு 100 மெகாவாட் மணி என்பது ஒரு லட்சம் யூனிட். அப்படியானால் கேத்தோடு தூள் 220 டன், கிராஃபைட் 110 டன். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். புதிய ஆலையில் செய்த செல் எல்லாம் தேறுவதில்லை. முதல் ஆண்டில் 100க்கு 85 தேறும் என்று வைத்துக்கொண்டால் 220ஐ 0.85ஆல் வகுக்க வேண்டும். 259 டன் வருகிறது. கிராஃபைட் 129 டன் ஆகிறது. இந்த 39 டன் வித்தியாசத்தை யாரும் தனியே எழுதிவைப்பதில்லை. பத்தாவது மாதத்தில் குடோன் காலியாகும்போதுதான் அது தெரியவரும்.

மூன்றாம் படி: மடை எங்கே என்று தேடுங்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள் எடுங்கள். உங்கள் சப்ளையர் யார், அவருக்குக் கொடுப்பவர் யார், அவருக்குக் கொடுப்பவர் யார் என்று மூன்று படி மேலே எழுதுங்கள். எழுத முடியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். அந்தக் கேள்விக்குறிதான் உங்கள் ஆபத்து.

லித்தியத்தை எடுத்துக்கொள்வோம். சுரங்கத்தில் முதலிடம் ஆஸ்திரேலியாவுக்கு. நட்பு நாடு, பயமில்லை என்று தோன்றும். ஆனால் அங்கே தோண்டும் ஸ்போடுமீன் தாதுவில் பெரும்பகுதி சீனாவுக்குக் கப்பலேறிப் போய்த்தான் லித்தியம் உப்பாகிறது. உலக லித்தியச் சுத்திகரிப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அங்கே நடக்கிறது. எல்.எஃப்.பி. தூளோ ஏறத்தாழ முழுவதும் அங்கேதான் செய்யப்படுகிறது. கிராஃபைட் மொசாம்பிக்கிலும் மடகாஸ்கரிலும் பிரேசிலிலும் கிடைக்கும். அதை உருண்டையாக்கி, 99.95 சதவீதத்துக்குச் சுத்தம் செய்து ஆனோடு தூளாக்கும் வேலையில் 90 சதவீதத்துக்கு மேல் மறுபடியும் சீனாவிடம். மழை பெய்யும் மலைகள் பல, மடை ஒன்றுதான்.

அந்த மடையின் பலகையை இறக்கவும் செய்கிறார்கள். 2023 டிசம்பர் 1 முதல் கிராஃபைட் ஏற்றுமதிக்கு அங்கே அரசு அனுமதி வேண்டும். அனுமதி பெறச் சட்டப்படி 45 வேலை நாள் வரை ஆகலாம். வாங்குபவர் எதற்குப் பயன்படுத்துகிறார் என்று முத்திரையிட்ட உறுதிமொழி கேட்பார்கள். அதை முன்கூட்டியே ஆங்கிலத்திலும் சீனத்திலும் தயாராக வைத்திருங்கள். 2025 ஜூலையில் எல்.எஃப்.பி. தூள் செய்யும் தொழில்நுட்பத்தையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். சரக்குக்குத் தடை இல்லை, செய்முறைக்குத்தான். ஆனாலும் இங்கேயே ஆலை போடலாம் என்று நினைத்த இந்திய நிறுவனங்களுக்கு அது ஒரு எச்சரிக்கை மணி.

மொசாம்பிக்கின் பலாமா கிராஃபைட் சுரங்கத்தில் 2024 கடைசியில் போராட்டங்களால் வேலை நின்றது. நிறுவனம் தவிர்க்க முடியாத சூழல் என்று அறிவித்து ஒப்பந்தக் கடமையிலிருந்து விலகி நின்றது. இந்தப் பிரிவு உங்கள் ஒப்பந்தத்திலும் இருக்கும். அதை ஒரு முறை உரக்கப் படித்துப் பாருங்கள்.

இந்தியாவுக்குள் என்ன இருக்கிறது? 2023இல் மத்திய அரசு 30 கனிமங்களை முக்கியக் கனிமங்களாக அறிவித்தது. லித்தியம், கோபால்ட், நிக்கல், கிராஃபைட் எல்லாம் அதில் உண்டு. 2024, 2025 நிதிநிலை அறிக்கைகளில் பல முக்கியக் கனிமங்களுக்கும், கோபால்ட் தூளுக்கும், லித்தியம் பேட்டரிக் கழிவுக்கும் சுங்க வரி நீக்கப்பட்டது. அரசுக் கூட்டு நிறுவனமான காபில் 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவின் கட்டமார்கா மாகாணத்தில் ஐந்து லித்தியம் தொகுதிகளுக்கு ஒப்பந்தம் செய்தது. இவை நல்ல செய்திகள். ஆனால் அடுத்த மாதச் சரக்கு இவற்றிலிருந்து வராது.

நான்காம் படி: மாதிரியை நம்பாதீர்கள், மூன்றாவது சரக்கைப் பாருங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிகம் அடிபட்டேன், அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளிநாட்டு சப்ளையரிடம் கேத்தோடு தூள் வாங்கத் தொடங்கினோம். 5 கிலோ மாதிரி அருமை. முதல் இரண்டு சரக்கிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது சரக்கில் செய்த செல்கள் ஓய்வு அறையில் இரண்டு வாரம் இருந்ததும் பலவற்றில் மின்னழுத்தம் இறங்கியது. சுமையே இல்லாமல் சும்மா இருந்த செல் தானாக வற்றுகிறது. ஆய்வுச் சான்றில் எல்லா எண்களும் எல்லைக்குள். ஒரு வாரம் இயந்திரத்தையும் ஆட்களையும் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு எங்கள் ஆய்வக உதவியாளர் ஒரு காரியம் செய்தார். அரை கிலோ தூளைச் சுத்த நீரில் கரைசலாக்கி, டெஃப்லான் உறையிட்ட வலுவான காந்தக் கோலை அதற்குள் போட்டு அரை மணி நேரம் உருட்டினார். கோலை எடுத்து மெதுவாக அலசி, வெள்ளைத் தாளில் துடைத்து நுண்ணோக்கியின் கீழே வைத்தார். சாம்பல் நிறத் தூளுக்கு நடுவில் மீன் செதில் போல மின்னும் உலோகச் சில்லுகள் கிடந்தன.

அந்தச் சில்லு செல்லுக்குள் கேத்தோடு பக்கத்தில் கரைந்து, ஆனோடு பக்கத்தில் முள்ளாகப் படிந்து, செப்பரேட்டரைத் துளைக்கும். இறங்குவது மின்னழுத்தம் மட்டுமாக இருந்தால் நட்டம். செல் சூடேறினால் ஒரு வீட்டில் தீ. விசாரித்தபோது, சப்ளையர் எங்களிடம் சொல்லாமல் உற்பத்தியை வேறு ஆலைக்கு மாற்றியிருந்தது தெரிந்தது. "ஒப்பந்தத்தில் ஆலையின் பெயர் இல்லையே" என்றார்கள். உண்மைதான், இல்லை.

அன்றிலிருந்து ஒப்பந்தத்தில் இவை இல்லாமல் கையெழுத்துப் போடுவதில்லை: ஆலையின் முகவரியும் உற்பத்தி வரிசையும் எழுத்தில் இருக்க வேண்டும், ஆலை, அரைக்கும் இயந்திரம், மூலப்பொருள், பை ஆகியவற்றில் எதை மாற்றினாலும் 90 நாளுக்கு முன் சொல்ல வேண்டும், காந்தத் துகள் அளவு ஒவ்வொரு தொகுப்புக்கும் சான்றில் இருக்க வேண்டும், சரக்கு வந்து 30 நாளுக்குள் எங்கள் சோதனையில் தோற்றால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் 200 கிராம் எடுத்து, தேதி எழுதி, அலுமினியப் பூச்சுப் பையில் வெப்பத்தால் ஒட்டி அலமாரியில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் புகார் சொல்லும்போது பேசுவதற்கு உங்களிடம் சாட்சி இருக்கும்.

எலக்ட்ரோலைட்டில் பார்க்க வேண்டியது ஈரம். அதிலுள்ள லித்தியம் உப்பு தண்ணீர் பட்டால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமாகிறது. அது செல்லை உள்ளிருந்தே அரிக்கும், திறப்பவரின் கையையும் விடாது. 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) ஈரத்துக்கு மேல் இருந்தால் நாங்கள் வாங்குவதில்லை. ஈரத்தை அளக்கும் கார்ல் ஃபிஷர் கருவி ஒன்று சொந்தமாக இருக்கட்டும். விலை கூடுதல்தான், ஆனாலும் மற்றவர் சான்றை வைத்து இந்தப் பொருளை உள்ளே விடக் கூடாது.

பெரிய சோதனைகளுக்கு சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ ஓட வேண்டாம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட இடம். லித்தியம் செல் தொழில்நுட்பத்தை உருவாக்கித் தொழில் நிறுவனத்துக்குக் கொடுத்தவர்கள். இங்கிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். மாதிரியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, அங்குள்ளவர்களிடம் அரை மணி நேரம் பேசுங்கள். மின்னஞ்சலில் கிடைக்காத விஷயம் அந்த அரை மணியில் கிடைக்கும்.

ஐந்தாம் படி: நகைக்கடைக் கணக்கில் விலை பேசுங்கள்

நகை வாங்கும்போது அன்றைய தங்க விலை, செய்கூலி, சேதாரம் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கிறோம் அல்லவா? மூலப்பொருளையும் அப்படியே பேச வேண்டும். தாமிரத் தாளுக்கு லண்டன் தாமிர விலை ஒரு பக்கம், தாளாக்கும் கூலி ஒரு பக்கம். எல்.எஃப்.பி. தூளுக்கு லித்தியம் கார்பனேட் விலை ஒரு பக்கம், மற்றதும் கூலியும் ஒரு பக்கம். "கிலோ இவ்வளவு" என்று மொத்தமாகச் சொல்பவரிடம், உலோக விலை இறங்கும்போது அந்த இறக்கம் நமக்கு வருவதே இல்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2022 நவம்பரில் சீனச் சந்தையில் லித்தியம் கார்பனேட் டன் 6 லட்சம் யுவானை நெருங்கியது. 2023 முடிவில் சுமார் 1 லட்சம் யுவான். ஒரு யூனிட் எல்.எஃப்.பி. செல்லுக்கு லித்தியம் கார்பனேட் கணக்கில் 0.55 கிலோ என்று வைத்தால், செலவு 330 யுவானிலிருந்து 55 யுவானுக்கு இறங்கியது. நூறு மெகாவாட் மணிக்கு அது மூன்றே கால் கோடி யுவானுக்கும் அரைக் கோடி யுவானுக்கும் உள்ள வித்தியாசம். உச்சத்தில் ஓராண்டுக்கு ஒரே விலை என்று கட்டிக்கொண்டவர்கள் அடுத்த ஆண்டு முழுவதும் சந்தையைவிடப் பல மடங்கு கொடுத்தார்கள்.

எனவே முந்தைய மாதச் சராசரி விலை என்று குறியீட்டோடு கட்டுங்கள். லித்தியம் கார்பனேட்டுக்கு 2023 ஜூலை முதல் குவாங்சோ பரிவர்த்தனை மையத்தில் முன்பேர வணிகம் நடக்கிறது. அந்த விலையை யாரும் மறைக்க முடியாது. மேலே ஒரு வரம்பு, கீழே ஒரு வரம்பு வையுங்கள். கீழ் வரம்பு சப்ளையருக்குப் பாதுகாப்பு. அதைக் கேட்காதவர் பஞ்சத்தில் நமக்குச் சரக்குத் தர மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வாடிக்கையாளருக்குச் செல் விற்கும் ஒப்பந்தத்திலும் அதே குறியீடு இருக்கட்டும். வாங்குவது ஒரு குறியீட்டில், விற்பது நிலையான விலையில் என்றால் லாபம் உங்கள் கையில் இல்லை.

அளவைப் பிரிப்பதில் என் வழக்கம்: முதல் சப்ளையருக்கு 60 பங்கு, இரண்டாமவருக்கு 30, மூன்றாமவருக்கு 10. அந்தப் பத்துப் பங்கு தேவையில்லாத செலவு என்று கணக்குப் பிரிவு ஒவ்வொரு ஆண்டும் சொல்லும். விடாதீர்கள். ஒரு புதிய கேத்தோடு தூளைச் சோதித்து ஏற்றுக்கொள்ள ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. பஞ்ச காலத்தில் அந்த ஆறு மாதம் கிடைக்காது. இன்னொன்றும் பாருங்கள்: இரண்டு வணிகர்கள் ஒரே ஆலையின் சரக்கை விற்கக்கூடும். பையின் லேபிளில் உள்ள ஆலை முகவரியையும் தொகுப்பு எண் எழுதும் முறையையும் ஒப்பிடுங்கள். ஒரே மடையிலிருந்து இரண்டு வாய்க்கால் வெட்டினால் அது இரண்டு வழியாகாது.

பணம் பற்றிச் சுருக்கமாக: முதல் ஆண்டு எல்.சி. (சரக்கு ஆவணங்கள் சரியாக இருந்தால் வங்கியே பணம் தரும் கடன் கடிதம்) வழியாகவே போங்கள், டாலருக்கு வங்கியில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். உள்ளூர்ச் சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். தாமதித்துப் பணம் அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப்போனால் அந்தச் செலவை இந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. சட்டம் இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டியதுதான். நேரத்துக்குப் பணம் கொடுப்பவருக்குத்தான் தட்டுப்பாட்டில் சரக்கு ஒதுக்குவார்கள்.

ஆறாம் படி: ஐப்பசிக்கு முன் குளத்தை நிரப்புங்கள்

தூத்துக்குடி உப்பளங்களில் மழைக்கு முன் என்ன செய்வார்கள் என்று பார்த்திருப்பீர்கள். பாத்தியில் வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து மூடிவைப்பார்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து மறுபடி வாருவதற்கு மாதங்கள் ஆகும்; அதுவரை விற்பது அந்த அம்பாரத்திலிருந்துதான். நம் குடோனுக்கும் அதே நாள்காட்டி பொருந்தும். இன்னொரு காரணமும் உண்டு: மழை முடியும் ஜனவரி, பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு வருகிறது. அங்கே ஆலைகள் இரண்டு வாரத்துக்கு மேல் படுத்துவிடும். ஐப்பசியில் நம் பக்கம் மழை, தை, மாசியில் அவர்கள் பக்கம் விடுமுறை. எனவே செப்டம்பர் முடிவில் இருப்பு உச்சத்தில் இருக்க வேண்டும். புத்தாண்டுக்கு முன் கப்பலேற வேண்டிய ஆர்டர் நவம்பரிலேயே போய்விட வேண்டும்.

எவ்வளவு இருப்பு? கேத்தோடு தூளையே எடுப்போம். ஆண்டுக்கு 259 டன், 300 வேலை நாள் என்றால் நாளுக்கு 0.86 டன். ஆர்டர் கொடுத்து, அவர்கள் செய்து, கொழும்பில் கப்பல் மாறி, தூத்துக்குடியில் இறங்கி, சுங்கம் முடிந்து நம் வாசலுக்கு வர எங்கள் அனுபவத்தில் 90 நாள். அதில் வேலை நாள் 75. அதற்கு 65 டன். எதிர்பாராததற்கு 37 வேலை நாள் பாதுகாப்பு இருப்பு, 32 டன். குடோனில் இருப்பதும் வழியில் வருவதும் சேர்ந்து 97 டன்னுக்கு இறங்கும் அன்றே அடுத்த ஆர்டர் போக வேண்டும். அந்த எண்ணை குடோன் கதவில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம்.

எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவுகோல் வைக்காதீர்கள். தாமிரத் தாளும் அலுமினியத் தாளும் உலர்ந்த இடத்தில் இருந்துகொள்ளும். எலக்ட்ரோலைட் அப்படியில்லை, சீல் உடையாத உருளையில், குளிர்ந்த அறையில் வைத்தாலும் சில மாதங்களுக்கு மேல் நம்ப முடியாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக் குடோனில் அதை வைப்பது குற்றம். அதிலுள்ள கரைப்பான்கள் எளிதில் தீப்பற்றுபவை; தனி அறை, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, தொழிற்சாலை ஆய்வாளரின் ஒப்புதல் எல்லாம் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் வெள்ளத்துக்கு நடுவே சிக்கினார்கள். நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் சாலை துண்டித்துக் கிடந்தது. எங்கள் கன்டெய்னர் துறைமுகத்தில் பத்திரமாக நின்றது. ஆலையில் எலக்ட்ரோலைட் நான்கு நாளுக்குத்தான் இருந்தது. ஐம்பது கிலோமீட்டர்தானே என்று துறைமுகத்தையே எங்கள் குடோனாக நினைத்திருந்தோம். ஊரே தவித்த நேரத்தில் எங்கள் ஆலை நின்றது பெரிய விஷயம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஐப்பசி தொடங்குவதற்குள் ஒரு மாத எலக்ட்ரோலைட் கங்கைகொண்டானில், தரைமட்டத்தை உயர்த்திய அறையில் இருக்க வேண்டும் என்று விதி வைத்தோம். கொச்சித் துறைமுகம் வழியாகவும் ஒரு சரக்கை வரவழைத்து, புனலூர், செங்கோட்டை வழியாகக் கொண்டுவந்து பழகினோம். மாற்று வழியை நல்ல நாளில் ஒரு முறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சுங்கத்தில் தாமதத்தைக் குறைக்க, புதிய பொருளை எந்தத் தலைப்பின் கீழ் வகைப்படுத்துவது என்று முதல் சரக்குக்கு முன்பே உங்கள் சுங்க முகவரோடு உட்கார்ந்து எழுத்தில் முடிவு செய்யுங்கள். தயாரான செல்லை இறக்குமதி செய்தால் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவும், லித்தியம் பேட்டரியைப் பாதுகாப்பாக ஏற்றிச்செல்வதற்கான ஐ.நா. 38.3 சோதனை அறிக்கையும் இல்லாமல் கப்பலில் ஏற்றவே விடாதீர்கள்.

ஏழாம் படி: நம் மண்ணில் இருப்பதைத் தேடுங்கள்

இந்தப் படியில் என் மனம் அதிகம் இருக்கிறது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் மின்கார் ஆலையைத் திறந்துவிட்டது. டாடா பவர் கங்கைகொண்டானிலேயே சோலார் செல் செய்கிறது. கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நிற்கின்றன. பேட்டரிக்கு வாங்குபவர்கள் நம் வாசலில் இருக்கும்போது, உள்ளே போகும் பொருளில் எதுவும் நம் ஊருடையது இல்லை என்பது எனக்கு ஆறவில்லை.

சோடியம் அயனி செல்லுக்கு லித்தியம் வேண்டாம், கோபால்ட் வேண்டாம், தாமிரத் தாள்கூட வேண்டாம்; அலுமினியத்தோடு சோடியம் கலப்பதில்லை என்பதால் இரண்டு பக்கமும் அலுமினியத் தாளே போதும். சோடியம் எங்கே கிடைக்கும்? குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பகுதி தூத்துக்குடியில். அந்த உப்பிலிருந்து சோடா உப்பு செய்யும் ஆலையும் தூத்துக்குடியிலேயே இருக்கிறது. எடைக்கு எடை லித்தியம் செல்லைவிடச் சக்தி குறைவு என்பதால் ஸ்கூட்டருக்கு இடிக்கும். தரையில் நிற்கும் சோலார், காற்றாலைச் சேமிப்புக்கு எடை ஒரு பொருட்டில்லை.

அதன் ஆனோடு கடினக் கார்பன். அதைத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யலாம். பாவூர்சத்திரம் பக்கம் சிரட்டைக் கரி போடும் ஒருவரிடம் மாதிரி வாங்கப் போனேன். "அண்ணாச்சி, இது முற்றிய சிரட்டையா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒரு கரித் துண்டை எடுத்துச் சிமென்டுத் தரையில் போட்டார். கணீரென்று ஒலித்தது. உடைத்துக் காட்டினார், உடைந்த முகம் கண்ணாடி போலப் பளபளத்தது. இன்னொரு குவியலிலிருந்து ஒரு துண்டைப் போட்டார், மொத்தென்று விழுந்தது. "இது இளநீர்ச் சிரட்டை, சரியாக வேகவில்லை" என்றார். ஆய்வகம் பிறகு சொன்னதும் அதையேதான், சாம்பல் அளவு என்ற பெயரில்.

இந்தக் கரியை அப்படியே செல்லில் போட முடியாது. சிரட்டையில் பொட்டாசியம், சிலிக்கா உண்டு. அமிலத்தில் கழுவி, ஆக்ஸிஜன் இல்லாத உலையில் 1200 முதல் 1400 டிகிரி வரை சுட்டு, அரைத்துச் சலிக்க வேண்டும். உலை பெரிய முதலீடு. ஆகவே மூன்று நான்கு சிறு நிறுவனங்கள் சேர்ந்து ஒரே உலை வைப்பது நல்லது. கரி போடுபவரோடு ஆண்டு ஒப்பந்தம் செய்யும்போது விலையைத் தேங்காய் விலையோடு கட்டுங்கள். 2025இல் தேங்காய் விலை உச்சத்துக்குப் போனபோது, சிரட்டை என்றும் மலிவாகவே கிடைக்கும் என்று நினைத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

சிவகங்கையில் தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமினின் கிராஃபைட் சுரங்கம் இருக்கிறது. பேட்டரித் தரத்துக்கு அதை உருட்டிச் சுத்தம் செய்யும் படி இன்னும் நம் கையில் இல்லை. மாதிரி வாங்கி ஆய்வகத்துக்குக் கொடுத்துப் பழக்கம் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். தூத்துக்குடி உர ஆலைகளின் பாஸ்பாரிக் அமிலமும், கடற்கரை மணலின் இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் எடுத்தபின் மிஞ்சும் இரும்பும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் இரும்பு பாஸ்பேட். சீனாவில் டைட்டானியம் ஆலைகள் தங்கள் இரும்புக் கழிவை இப்படித்தான் எல்.எஃப்.பி. ஆக்குகின்றன. சுத்தம் செய்வதுதான் கடினம்; யாராவது இங்கே தொடங்கினால் முதல் ஆர்டர் கொடுக்க நான் தயார்.

இப்போதைக்குச் சோடியத்தில் உங்கள் ஆய்வு நேரத்தில் பத்தில் ஒரு பங்கைப் போடுங்கள். ஆலையை அதன் மேல் பந்தயம் வைக்க வேண்டாம்.

எட்டாம் படி: பழைய பேட்டரியைத் திரும்ப வாங்குங்கள்

2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது உற்பத்தியாளர் பொறுப்பு. மின்வாகன பேட்டரியில் 2027-28இல் 5 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும். படிப்படியாக ஏறி 2030-31இல் 20 சதவீதம். இதை ஒரு சுமையாகப் பார்க்கிறார்கள். எனக்கு இது வெளிநாட்டு மடை எதையும் கடக்காமல் வரும் ஒரே லித்தியம்.

முதலில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் உற்பத்தியாளராகப் பதிவு செய்யுங்கள். பிறகு நீங்கள் விற்கும் ஒவ்வொரு பேட்டரியின் வரிசை எண்ணையும், எந்த ஊர், எந்த வாகனம் என்பதையும் பதிவேட்டில் ஏற்றுங்கள். ஆட்டோ ஓட்டுநருக்குப் புதியது வாங்கும்போது பழையதற்கு எடைக்கு எடை விலை கொடுங்கள். இல்லையென்றால் அது பழைய இரும்புக் கடைக்குப் போய், சுத்தியலால் உடைபடும். லித்தியம் பேட்டரியைச் சுத்தியலால் உடைப்பது உயிரோடு விளையாடுவது. மேலப்பாளையம், டவுன், ஜங்ஷன் பக்கத்துப் பழைய சாமான் வியாபாரிகளை ஒரு நாள் ஆலைக்கு அழைத்து, வீங்கிய செல் எப்படி இருக்கும், முனைகளில் டேப் ஒட்டுவது எப்படி, மணல் வாளி எதற்கு என்று கையில் கொடுத்துக் காட்டுங்கள். நாங்கள் கடந்த ஆண்டு அப்படிச் செய்தோம். இப்போது அவர்கள் பழைய லித்தியம் பேட்டரியைத் தொடுவதற்கு முன் எங்களுக்குப் போன் செய்கிறார்கள். திரும்பி வரும் பேட்டரியில் இன்னும் உயிருள்ள செல்லைப் பிரித்தெடுத்து, கொள்ளளவு சோதித்து, தெருவிளக்குக்கும் சிறு சோலாருக்கும் கொடுக்கிறோம். மீதியை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்புகிறோம். அனுப்பும்போது, அதிலிருந்து எடுக்கும் லித்தியம் கார்பனேட்டில் முதல் உரிமை எங்களுக்கு என்று ரசீதின் மேலேயே எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம்.